பாதி வீடு

2010ஆம் ஆண்டு பிப்ரவரி 27. தென்னமெரிக்காவின் மேற்குக் கரையோரம் நீண்டு கிடக்கும் சிலி நாடு உறங்கிக்கொண்டிருந்த பின்னிரவு. 8.8 அளவிலான நிலநடுக்கம் நிலத்தை உலுக்கியது. அதனைத் தொடர்ந்து ஆழிப்பேரலை கரையேறியது. மௌலே ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த கான்ஸ்டிடூசியோன் நகரம் சிதைந்தது. அந்நகரை மீண்டும் எழுப்புவதற்கான திட்டம் வகுக்கும் பொறுப்பு, அலெஹாந்திரோ அரவெனா என்னும் கட்டடக்கலைஞரின் 'எலிமென்டல்' குழுவிடம் வந்தது.

குறைந்த பணத்தில் வீடமைக்கும் சிக்கல் அவருக்குப் புதிதன்று. சில ஆண்டுகளுக்கு முன், வடக்கிலுள்ள இகிகே நகரின் நடுவே, உரிமையற்ற நிலத்தில் ஏறத்தாழ நூறு ஏழைக் குடும்பங்கள் முப்பதாண்டுகளாக வாழ்ந்துவந்தன. அரசு வழங்கிய உதவி குடும்பத்திற்கு 7,500 டாலர். நிலமும் வீடும் அதற்குள் அடங்க வேண்டும். நகருக்கு வெளியே நிலம் மலிவு. ஆனால், அங்குச் சென்றால் வேலையும் பள்ளியும் எட்டாத் தொலைவாகிவிடும். நகருக்குள்ளேயே குடியமர்த்தினால், எஞ்சும் பணம் ஏறத்தாழ 40 சதுர மீட்டர் கட்டவே போதும்.

அதனைச் சிறிய வீடு என்று அரவெனா கருதவில்லை. நல்ல வீடொன்றின் பாதி என்று கருதினார். உடனே வினா மாறியது. எந்தப் பாதியை முதலில் கட்டுவது? ஒரு குடும்பம் தனித்து நின்று கட்டிக்கொள்ள இயலாத பாதியை என்பதே அவர் கண்ட விடை. உறுதியான கட்டமைப்பு, பொதுச்சுவர்கள், படிக்கட்டு, சமையலறை, குளியலறை ஆகியவை அரசுப் பணத்தில் எழுந்தன. அருகே வெற்றிடம் விடப்பட்டது. அதனைத் தத்தம் தேவைக்கும் வசதிக்கும் ஏற்பக் குடும்பங்களே நிரப்பிக்கொண்டன.

இதே முறை கான்ஸ்டிடூசியோனிலும் கைகொடுத்தது. அங்கு 'வில்லா வெர்தே' என்னும் குடியிருப்பில் 484 வீடுகள் திட்டமிடப்பட்டன. சரிவான ஒரே கூரையின்கீழ் ஒரு பாதி வீடு. மறு பாதி வெற்றிடம். 57 சதுர மீட்டரில் தொடங்கும் வீடு 85 சதுர மீட்டர் வரை வளரலாம்.

ஏழைக்குப் பாதி வீடுதானா என்ற வினா எழாமலில்லை. அது புறந்தள்ளத் தக்கதுமன்று. நாள் முழுதும் உழைத்துத் திரும்புபவருக்கு மறு பாதியைக் கட்டுவது எளிதன்று. ஆயினும், முழுமை என்னும் பெயரில் தரப்படும் குறுகிய வீடு என்றும் குறுகியதாகவே நின்றுவிடும். பாதி வீடோ குடும்பத்தோடு சேர்ந்து வளரும்.

2016ஆம் ஆண்டு கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் விருதை அரவெனா பெற்றார். அவ்வாண்டிலேயே தம் வீட்டு வடிவமைப்புகளுள் நான்கினை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ள அவருடைய குழு வெளியிட்டது.

பேரிடர் வீட்டை மட்டும் பறிப்பதில்லை. தன் வாழ்வைத் தானே முடிவுசெய்யும் உரிமையையும் பறித்துவிடுகிறது. எங்கே தங்குவது, எதை உண்பது என்பதையெல்லாம் பிறர் முடிவுசெய்யும் நாள்கள் அவை. அரவெனா விட்டுவைத்த வெற்றிடம் அந்த உரிமையை அம்மக்களின் கையில் திரும்ப அளித்தது.