ஆறு புத்தகங்களும் ஒரு பஸ் டிக்கெட்டும்

அண்ணன் மகள் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாள். "சித்தப்பா, டூன் முடிச்சிட்டேன். இன்னும் அஞ்சு புக் இருக்காமே, படிக்கணுமா? முதல் புக்கோட நிறுத்திக்கோ, அதுக்கப்புறம் எல்லாம் இறங்குமுகம்தான்னு ஹாஸ்டல்ல சொல்றாங்க."

படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவள் அவள். டெனி வில்நவ் 2021-லும் 2024-லும் இரண்டு பாகமாக எடுத்த படம் முதல் நாவலோடு முடிந்துவிடுகிறது. "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று போனை வைத்துவிட்டேன். இதே கேள்விக்குப் பதில் கிடைக்க எனக்கு முப்பது வருஷம் ஆனது. அதைப் போனில் இரண்டு வரியில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இன்னும் இரண்டு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன். பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதைக் கடையில் முன்னட்டை கிழிந்த ஒரு தடித்த ஆங்கில நாவல் கிடந்தது. தடிமனைப் பார்த்துத்தான் வாங்கினேன். பத்து நாள் தாங்கும் என்று கணக்கு. சென்னையில் தண்ணீருக்குத் தவித்த கோடை அது. விடியற்காலை நாலரை மணிக்கு லாரி வரும். ஆளுக்கு இரண்டு பக்கெட். வரிசையில் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் டூனைப் படித்தேன்.

அதில் ஓர் இடம். அராக்கிஸ் என்கிற பாலைவனக் கிரகத்தை ஆள டியூக் லெட்டோ புதிதாக வந்து இறங்கியிருக்கிறார். அந்த மண்ணின் மக்களான ஃபிரெமன்களின் தலைவர்களில் ஒருவனான ஸ்டில்கர் அவரைப் பார்க்க வருகிறான். பேச்சின் நடுவே மேஜைமேல் எச்சில் துப்புகிறான். சபையில் இருந்தவர்கள் கொதித்து எழுகிறார்கள். அப்போது டங்கன் ஐடஹோ என்கிற வீரன் அவர்களை அமர்த்துகிறான். உன் உடம்பின் ஈரத்தை எங்களுக்குக் கொடுத்தாயே, நன்றி என்று ஸ்டில்கரிடம் சொல்லிவிட்டுத் தானும் துப்புகிறான். ஒரு சொட்டு ஈரம்கூட வீணாகாத ஊரில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. இரண்டு பக்கெட்டுக்காகக் காத்திருந்த எனக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும் பிடித்துக் குடிநீராக்கும் உடுப்பு, செத்தவன் உடம்பிலிருந்து நீரை இறக்கி ஊர்ப் பொதுவில் சேர்க்கும் வழக்கம், இறந்தவனுக்காகக் கண்ணீர் விட்ட, டியூக்கின் மகன் பால் என்ற பையனைப் பார்த்து அவர்கள் வியந்து நிற்பது என்று எல்லாமே எனக்குச் சொந்த ஊர்ச் செய்தியாக இருந்தது.

பால் அந்த மக்களின் தலைவனாகி, பேரரசனை வீழ்த்தி, சிம்மாசனம் ஏறுவதோடு புத்தகம் முடிந்தது. எனக்கு நிலைகொள்ளவில்லை. அடுத்ததைத் தேடி அலைந்து 'டூன் மெசையா'வைப் பிடித்தேன். பாதியிலேயே கீழே வைத்தேன். பிறகு பல வருஷம் அதைத் தொடவே இல்லை.

காரணம் இப்போது தெளிவாகத் தெரிகிறது. தொடர்கதை படித்தே வளர்ந்தவர்கள் நாம். 1950 முதல் 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்த பொன்னியின் செல்வனைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து பைண்டு பண்ணி வைத்திருந்த வீடு எங்களுடையது. பாட்டிக்கு அது சொத்து. போன வாரம் மனசில் ஏற்றிவைத்தவனை இந்த வாரமும் ஏற்றிவைக்க வேண்டும் என்பதுதான் 'தொடரும்' என்ற சொல்லிடம் நாம் கேட்பது. மெசையாவில் பன்னிரண்டு வருஷம் கழிந்திருக்கிறது. பாலின் பெயரைச் சொல்லிக் கிளம்பிய புனிதப் போரில் 6,100 கோடிப் பேர் செத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை அவனே வாய்விட்டுச் சொல்கிறான். செங்கிஸ்கானையும் ஹிட்லரையும் பக்கத்தில் வைத்துத் தன்னை அளந்து பார்க்கிறான். நான் தோளில் தூக்கிக்கொண்டு ஆடிய பையன் இப்படிப் பேசுவதை இருபத்திரண்டு வயதில் என்னால் கேட்க முடியவில்லை.

எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. முதல் நாவலை 1963 முதல் 1965 வரை அனலாக் இதழில் இரண்டு தொடர்களாக ஆசையோடு வெளியிட்ட ஆசிரியர் ஜான் கேம்ப்பெல், மெசையாவை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். தன் நாயகன் இப்படிச் சரிவதை அவரால் ஏற்க முடியவில்லை. அது 1969-இல் கேலக்ஸி இதழில் வந்தது. தேர்ந்த ஆசிரியருக்கே அந்தக் கதி என்றால் ஹாஸ்டல் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நான் திரும்பிப் போனது நாற்பது வயதுக்கு மேல். வேலை பார்த்த இடத்தில் ஒருவரை நாங்கள் முழுசாக நம்பினோம். எங்களுக்காகப் பேசினார், எங்களுக்காக அடிபட்டார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று யோசிப்பதையே விட்டுவிட்டோம். மாற்றிப் பேசிய இரண்டு பேரை ஒதுக்கி வைத்தோம்; அப்படிச் செய்யச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை, நாங்களாகவே செய்தோம். எல்லாம் உடைந்து, ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போன வாரம், ஊருக்குப் போகிற ரயிலில் மெசையாவை எடுத்தேன். விழுப்புரம் தாண்டும்போது முன்பு நிறுத்திய பக்கத்தையும் தாண்டினேன். மதுரை வருவதற்குள் முடித்துவிட்டேன். பால் கெட்டவன் இல்லை. அவனுக்கு முன்னால் விழுந்து கும்பிட்ட கூட்டம் அவனை எங்கே இழுத்துப் போகிறது என்பது அவனுக்குத் தெரிந்தே இருக்கிறது, நிறுத்தத்தான் வழியில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன் என்று ரயிலில் புரிந்தது.

பிற்பாடு ஹெர்பர்ட் எழுதிய ஒரு முன்னுரையைப் படித்தேன். முதல் நாவல் முடிவதற்கு முன்னாலேயே இரண்டாவது, மூன்றாவது நாவல்களின் சில பகுதிகளைத் தான் எழுதிவிட்டதாகச் சொல்லியிருந்தார். அதாவது மெசையாவும், 1976-இல் வந்த 'சில்ட்ரன் ஆஃப் டூ'னும் வெற்றிக்குப் பிறகு ஒட்டவைத்த வால் இல்லை. மூன்றும் ஒரே கதை. முதலாவதோடு நிறுத்துகிறவர் கல்யாணப் பந்தலோடு எழுந்து வந்துவிடுகிறார். குடித்தனம் எப்படிப் போனது என்று அவருக்குத் தெரியாது.

அந்தக் கதையின் விதை ஒரு மணல்மேட்டில் விழுந்தது. 1957-இல் பத்திரிகைக்காரரான ஹெர்பர்ட், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் கடற்கரையில் இருக்கும் ஃபிளாரன்ஸ் என்ற ஊருக்குப் போனார். காற்றில் நகர்ந்து வந்து சாலைகளை மூடும் மணலை, புல் நட்டு நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் அரசாங்கத்து விவசாயத் துறையினர். அதைப் பற்றி அவர் திட்டமிட்ட கட்டுரை கடைசிவரை அச்சேறவில்லை. மணல் மட்டும் அவரை விடவில்லை. வருஷக்கணக்கில் பாலைவனங்களையும் மதங்களையும் பற்றிப் படித்து நாவலாக்கினார். இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் கைவிரித்தன. கடைசியில் 1965-இல் அதைப் போட்டது பிலடெல்பியாவின் சில்டன் நிறுவனம்; கார் ரிப்பேர் கையேடுகளுக்குப் பேர்போன பதிப்பகம் அது.

ஆரிகனின் அந்தப் புல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான்காவது நாவலுக்குள் நுழைய வேண்டும். முதல் புத்தகத்தில் ஃபிரெமன்களின் பெருங்கனவு, பாலைவனத்தில் புல் நட்டு, மரம் நட்டு, ஓடும் தண்ணீரைப் பார்ப்பது. தங்கள் ஆயுளில் நடக்காது, பேரப்பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும் என்று சொட்டுச் சொட்டாகச் சேமிக்கிறார்கள். படிக்கிற நாமும் சேர்ந்து வேண்டிக்கொள்கிறோம். 1981-இல் வந்த 'காட் எம்பரர் ஆஃப் டூன்' 3,500 வருஷம் கழித்துத் தொடங்குகிறது. கனவு பலித்துவிட்டது. அராக்கிஸில் ஆறு ஓடுகிறது; அதற்குப் பெயர் ஐடஹோ ஆறு. ஆனால் அந்தப் பாலைவனத்தில் வாழும் மணற்புழுவுக்குத் தண்ணீர் விஷம். புழுக்கள் போய்விட்டன. அவை இல்லாமல் ஸ்பைஸ் என்கிற பொருள் புதிதாக விளைவதில்லை, விண்கலங்களுக்கு வழி பார்க்க அந்த ஸ்பைஸ் இல்லாமல் ஆகாது. பேரரசன் பதுக்கி வைத்திருக்கும் கையிருப்புதான் மிச்சம். ஃபிரெமன்களோ அருங்காட்சியகப் பொருளாகிவிட்டார்கள். 'மியூசியம் ஃபிரெமன்' என்றே அவர்களுக்குப் பெயர். பழைய சடங்குகளை ஏன் செய்கிறோம் என்று தெரியாமலே செய்துகாட்டிப் பிழைக்கிறார்கள். எச்சில் துப்பி மரியாதை செய்த ஸ்டில்கரின் வம்சம் அது. அந்தப் பக்கத்தில் என் நெஞ்சு அடைத்தது. முதல் புத்தகத்தில் லாரிக்குக் காத்திருந்து அவர்களோடு தண்ணீர் வேண்டியவன் நான்.

இந்த அதிர்ச்சியைத் தனி நாவல் எதுவும் தர முடியாது. ஓர் ஆசையை நம் மனசில் நட்டு, மூன்று புத்தகம் வளரவிட்டு, பலித்த பிறகு அதன் விலையைக் காட்டுவதற்கு நீளம் வேண்டும். நீண்ட தொடரைப் படிப்பதற்கு நியாயம் என்று ஒன்று இருந்தால் இதுதான்.

அந்த நான்காவது புத்தகத்தையும் நடைபாதையில்தான் வாங்கினேன். நூற்றுச் சொச்சமாவது பக்கத்தில் ஒரு பழைய பல்லவன் பஸ் டிக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவரை ஓரங்கள் விரல்பட்டுப் பழுத்திருந்தன. அதற்குப் பிறகு சலவைத்தாள் மாதிரி சுத்தம். யாரோ ஒருவர் மூன்று புத்தகம் தாண்டி வந்து, பஸ்ஸில் உட்கார்ந்து படித்து, அங்கே நின்றுவிட்டார். பாதி புழுவாகவும் பாதி மனிதனாகவும் மாறிய அந்தப் பேரரசன், தாத்தா டியூக்கின் பெயரைக் கொண்ட பாலின் மகன் லெட்டோ, பக்கம் பக்கமாகப் பேசும் நாவல் அது. சண்டை அபூர்வம். பொறுமை போகிற இடம்தான். டிக்கெட்டை நான் எடுக்கவில்லை. அந்த வாசகர் மேல் எனக்கு மரியாதை உண்டு. பிடிக்காததைப் பிடித்ததாகப் பாவனை செய்து அவர் பக்கம் புரட்டவில்லை.

அடுத்த இரண்டு, 1984-இல் வந்த 'ஹெரட்டிக்ஸ்', 1985-இல் வந்த 'சாப்டர்ஹவுஸ்'. கதை இன்னும் 1,500 வருஷம் தாண்டிப் போகிறது. பெனி ஜெசரிட் என்ற பெண்கள் சங்கத்தைச் சுற்றி நடக்கிறது. சில அத்தியாயங்கள் தொய்கின்றன. சிலவற்றை நான் தாவியிருக்கிறேன். ஆனாலும் சாப்டர்ஹவுஸின் கடைசி ஏடுகளுக்காக நான் அத்தனையும் படிப்பேன். கதை முடிந்த பிறகு ஹெர்பர்ட் தன் மனைவி பெவர்லியைப் பற்றி எழுதிய சில பக்கங்கள் அவை. அந்தப் புத்தகத்துக்குத் தலைப்பு வைத்தவரே அவர்தான். 1984-இல் அவர் இறந்ததற்கு மறுநாள் காலையில் எழுதியதாக ஹெர்பர்ட்டே குறிப்பிடுகிறார். கோடிக்கணக்கான ஆட்களையும் ஆயிரக்கணக்கான வருஷங்களையும் ஆண்ட பேனா, ஒரே ஒரு பெண்ணுக்கு முன்னால் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வருஷத்தில், 1986 பிப்ரவரியில், அவரும் போய்விட்டார். கதை நடு வானத்தில் நிற்கிறது.

மகன் பிரையன் ஹெர்பர்ட், கெவின் ஆண்டர்சனோடு சேர்ந்து 1999 முதல் தொடர்ந்து எழுதிவருகிறார். அப்பா விட்டுப்போன குறிப்புகளை வைத்து 2006-லும் 2007-லும் கதையை முடித்தும் வைத்திருக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து இருபதைத் தாண்டிவிட்டது. அவற்றை விரும்பிப் படிப்பவர்கள் நிறைய. நான் ஒன்று படித்தேன், போதும் என்று பட்டது. விட்டுப்போன கேள்விகளுக்கு அவை பதில் சொல்கின்றன. ஹெர்பர்ட்டிடம் நான் போனது பதிலுக்காக இல்லை. அவர் ஒவ்வொரு புத்தகத்திலும் முந்தைய புத்தகத்தையே குறுக்கு விசாரணை செய்தார், அதற்காகப் போனேன். அந்தக் குரல் நின்ற இடத்தில் நானும் நின்றுகொண்டேன். முடிவு தெரியாதது எனக்குக் குறையாக இல்லை.

ஆகவே, அம்மாடி, என் பதில் இதுதான். மூன்றையும் ஒரே புத்தகமாக நினைத்துப் படி. மெசையா கசக்கும். கசந்தால் விட்டுவிடாதே, அந்தக் கசப்புக்காகத்தான் அவர் முதல் புத்தகத்தையே அவ்வளவு தித்திப்பாக எழுதினார். நான்காவதுக்கு அவசரமில்லை, ஆசைப்பட்டது கைக்கு வந்து, அது ஆசைப்பட்டபடி இல்லாமல் போகும் ஒரு வயசு உனக்கும் வரும், அப்போது எடு. கடைசி இரண்டும் உன் இஷ்டம். எந்த இடத்திலும், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்பதற்காக மட்டும் பக்கம் புரட்டாதே. முந்தைய புத்தகத்தில் நீ நம்பியதை அடுத்த புத்தகம் அசைக்கிறதா என்று பார். அசைத்தால் தொடர், இல்லாவிட்டால் மூடிவை.

மெசையாவை இன்று காலை கூரியரில் போட்டுவிட்டேன். நான்காவது என் அலமாரியில், அந்த டிக்கெட்டோடு, அப்படியே இருக்கிறது. வேண்டும்போது வந்து எடுத்துக்கொள்.