காற்றுக்கு வழி அமைப்போர்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள் பெரியோர். காற்றின் அருமை எங்கே தெரியும்? நாற்பது மாடிக் கட்டடத்தின் நடுவே, சன்னலே இல்லாத ஒரு குளியலறையில் தெரியும் என்பார்கள் எங்கள் அப்பா.

கடற்கரை ஊரில் பிறந்த எங்களுக்குக் காற்று கேளாமலே கிடைத்த செல்வம். கச்சான், கொண்டல், வாடை என்று அதற்குப் பெயர் சொல்லி, அதன் குணம் அறிந்து கடலுக்குப் போனவர்கள் எங்கள் தாத்தா. அவர்களுடைய மகனோ துபாய்க்குப் போய், வானுயர்ந்த குடியிருப்புகளில் காற்றுக்கு வழி அமைக்கும் தொழிலைப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் செய்து வருகிறார்கள். 'டக்ட் ஃபோர்மேன்' என்பது அங்கே அவர்களுடைய பதவிப் பெயர். அம்மாவும் நாங்கள் இரு சகோதரிகளும் அத்தொழிலைப் பற்றிக் கைப்பேசியில் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டோம். அதைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

டக்ட் என்பது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை மடித்துச் செய்யும் சதுரக் குழாய். அதைக் கம்பிகளில் தொங்கவிட்டு, மூட்டுகளை இறுக்கி, காற்று கசியாதபடி பசை பூசி, வெப்பம் தாக்காதபடி உறை போர்த்துவார்கள். குளியலறைக் காற்று ஒரு வழியாகவும், எண்ணெய்ப் புகை கலந்த சமையலறைக் காற்று வேறொரு வழியாகவும் வெளியேற வேண்டும். புதிய காற்று மணல் வடிகட்டப்பட்டு, குளிர்விக்கப்பட்டு வீடுதோறும் வந்து சேர வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு ஃபால்ஸ் சீலிங் வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். மாதக்கணக்கில் உழைத்த வேலையில் குடியிருப்போர் கண்ணில் படுவது ஒரு சாண் அளவுள்ள கிரில் மட்டுமே.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 மணி முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஆனால் பாதி கட்டிய கட்டடத்தின் உள்ளேயும் வெப்பம் குறைவதில்லை. அங்கே குளிர்காற்று வரத் தொடங்கும் நாளில் அப்பாவும் அவர்களுடைய தோழர்களும் அடுத்த கட்டடத்துக்குப் போயிருப்பார்கள்.

மொட்டை மாடியில் உள்ள ஒரு சக்கரத்தைப் பற்றி அப்பா சொன்னது எங்களுக்கு மிகவும் பிடித்தது. தேன்கூடு போன்ற நுண்ணிய துளைகள் நிறைந்த அலுமினியச் சக்கரம் அது. வீடுகளிலிருந்து வெளியேறும் குளிர்ந்த காற்று அதன் ஒரு பாதி வழியே செல்கிறது. வெளியிலிருந்து வரும் அனல் காற்று மறுபாதி வழியே நுழைகிறது. சக்கரம் மெல்லச் சுழன்று, போகிற காற்றின் குளிர்ச்சியை வாங்கி வருகிற காற்றுக்குக் கொடுக்கிறது. இதே சக்கரம் ஸ்வீடன், ஜெர்மனி போன்ற குளிர்நாடுகளில் போகிற காற்றின் வெப்பத்தை வாங்கி, வருகிற பனிக்காற்றுக்குக் கொடுத்து வீட்டைச் சூடாக வைக்கிறது. இரண்டு இடத்திலும் ஆற்றல் செலவு குறைகிறது.

ஆயினும் காற்று செல்லும் வழியெல்லாம் புகையும் செல்லும். 2022ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில், குளிருக்காக வைத்திருந்த மின்கணப்பிலிருந்து தீப்பிடித்தது. தீ அதிக தூரம் பரவவில்லை. ஆனால் தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவு மூடவில்லை. வெளியே குளிரும் உள்ளே வெப்பமும் இருக்கும்போது உயர்ந்த கட்டடம் ஒரு புகைபோக்கி போல் ஆகிவிடும். புகை மேல்மாடிகளுக்கு ஏறியது. 8 குழந்தைகள் உட்பட 17 பேர் அப்புகையினால் மாண்டனர்.

இதைத் தடுக்கவே படிக்கட்டுக் கூடத்துக்குள் பெரிய விசிறியால் தூய காற்றைச் செலுத்துகிறார்கள். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருந்தால் புகை நுழைய முடியாது. ஆனால் அழுத்தம் மிகுந்துவிட்டால் கதவைத் தள்ளித் திறக்கவும் முடியாது. 50 பாஸ்கல் அழுத்தம் என்றால் 2 சதுர மீட்டர் கதவின் மேல் 100 நியூட்டன் விசை. கைப்பிடி கீலிலிருந்து தள்ளி இருப்பதால் ஏறத்தாழப் பாதி விசையே போதும் என்பதை, விசையின் திருப்புத்திறன் பாடத்தைப் படித்தபோது நாங்களே கணக்கிட்டோம். கதவை மூட வைக்கும் கருவியின் இழுப்பையும் அதனோடு சேர்க்க வேண்டும். அப்பா ஒவ்வொரு கதவையும் விசை அளக்கும் கருவியால் சோதிப்பார்கள். பிறகு ஒற்றைக் கையால் தள்ளியும் பார்ப்பார்கள்.

கடந்த ஆண்டு மே மாதம் எங்கள் தங்கைக்குப் புதுநன்மை. அப்பா விமானச் சீட்டும் எடுத்துவிட்டார்கள். அப்போது 38 மாடிக் கட்டடம் ஒன்றில் கடைசிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. டக்ட் சுவரைக் கடக்கும் இடங்களில் 'ஃபயர் டேம்பர்' என்ற தகட்டுக் கதவு இருக்கும். ஏறத்தாழ 72 டிகிரி வெப்பத்தில் ஒரு சிறு உலோகத் துண்டு உருகி, தகடுகள் மூடிக்கொள்ளும். வேலை நடக்கும்போது அவை தவறி மூடாமலிருக்கக் கம்பியால் கட்டி வைப்பதுண்டு. 21ஆம் மாடியில் யாரோ அந்தக் கம்பியை அவிழ்க்காமல் விட்டிருந்தார்கள்.

"ஒன்றுதானே, அவிழ்த்துவிட்டால் போயிற்று" என்றாராம் மேலாளர்.

"ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும்" என்று சொல்லி, எல்லா மாடிகளையும் பார்க்காமல் சோதனைத் தாளில் கையொப்பமிட மறுத்துவிட்டார்கள் அப்பா. "அப்படியானால் பார்த்து முடித்த பிறகுதான் விடுமுறை" என்று பதில் வந்தது. ஏணி வைத்து ஏறி ஏறிப் பார்த்ததில் மேலும் ஆறு இடங்களில் கம்பி இருந்தது.

வெள்ளை உடையும் பூமுடியும் அணிந்து தங்கை பீடத்தின் முன் நின்றபோது, சித்தப்பா கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். பாதியில் தொடர்பு அறுந்துவிட்டது. அன்று மாலை தங்கை அழுதுகொண்டே கேட்டாள்: "வேறு யாராவது பார்த்திருக்கக் கூடாதா, அப்பா?"

"பார்த்திருக்கலாம் மக்களே. ஆனால் என் கண்ணில் பட்டுவிட்டதே" என்றார்கள் அப்பா.

ஜூலை மாதம் வந்தார்கள். தங்கை அதே வெள்ளை உடையை உடுத்தி முற்றத்தில் நின்றாள். பூமுடி வாடிவிட்டதால் அம்மா புதிதாக ஒன்று கட்டித் தந்தார்கள்.

இன்று அந்தக் கட்டடத்தில் பல நாட்டுக் குடும்பங்கள் வாழ்கின்றன. தங்கையின் வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள். கூரைக்கு மேல் கம்பி அவிழ்த்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவை என்றும் வராமலிருக்கட்டும் என்பதே எங்கள் வேண்டுதல்.

தோழியரே, சென்னையிலோ வேறு நகரிலோ உயர்ந்த குடியிருப்பு ஒன்றுக்கு நீங்களும் போகலாம். அங்கே படிக்கட்டுக் கதவு மூடாதபடி யாராவது கல்லை முட்டுக் கொடுத்திருந்தால், காற்று வரட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கதவு முழுவதும் மூடுகிறதா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.