முன்பாரம்

கரும்பு வண்டிக்கு இரண்டு கேடுகள் உண்டு. ஒன்று முன்பாரம், மற்றொன்று பின்பாரம். கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் இடைப்பட்ட எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் இவ்விரு சொற்களும் தெரியும். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை 1842இல் ஏற்பட்டது. அதன் அரவைப் பருவம்தான் எங்கள் ஊர்களின் பருவமும். அக்காலத்தில் இரவு முழுவதும் கடலூர்ச் சாலையில் டயர் வண்டிகள் வரிசையில் நிற்கும்.

கரும்பு அடியில் கனம், நுனியில் இலேசு. ஆகவே ஒரு கட்டின் அடி முன்னோக்கி இருந்தால் அடுத்ததன் அடி பின்னோக்கி இருக்கவேண்டும். அச்சின் மேல் வண்டி தராசுபோல் நிற்கிறது. முன்பக்கம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அரைத்துப் புண்ணாக்கும். பின்பக்கம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பும்; பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். சரிசமமாக நிறுத்துவதும் பிழையே. மாடு பூட்டுமுன் அப்பா நுகத்தடியைத் தம் தோளில் தாங்கிப் பார்ப்பார். ஒரு பிள்ளை ஏறி உட்கார்ந்த கனம் இருக்கவேண்டும் என்பார்.

1993 தை மாதம். வெட்டு உத்தரவு வாங்க அப்பா போயிருந்தார். ஆட்கள் தூக்கித் தந்த கட்டுகளை வண்டிமேல் நின்று அடுக்கியவர்கள் நாங்கள், அண்ணனும் தம்பியும். வந்தது வந்தபடியே, அடியெல்லாம் பின்னோக்கி அடுக்கிவிட்டோம். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. இருட்டுமுன் வரிசையில் சேரும் அவசரத்தில் அப்பா அன்று தோள் கொடுத்துப் பார்க்கவில்லை. கழனியிலிருந்து சாலைக்கு ஏறும் மேட்டில் பாரம் பின்வாங்கியது. ஏர்க்கால் எழும்பிற்று. இடப்பக்கத்துச் செவலை முன்கால் தரையில் பாவாமல் தொங்கியது. அப்பா அரிவாளால் கயிற்றை அறுத்தார்.

செவலை பிழைத்தது. ஆனால் அதன்பின் நுகத்தடியைக் கண்டாலே படுத்துக்கொள்ளும். சித்திரையில் சந்தைக்குப் போனது. வாங்கியவர் யார் என்று நாங்கள் கேட்கவில்லை. அப்பா எங்களைத் திட்டவும் இல்லை; திட்டியிருக்கலாம்.

பின்னர் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், எங்களில் ஒருவர் தமிழும் மற்றவர் இயந்திரப் பொறியியலும் படித்தோம். மயிலிறகேயானாலும் மிகுதியாக ஏற்றினால் அச்சு முறியும் என்ற வள்ளுவரையும், உமணர் வண்டியின் கீழே கட்டிய சேம அச்சுக்கு எழினியை ஒப்பிட்ட ஔவையாரையும் (புறநானூறு 102) வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒரு குறை தோன்றும். இருவரும் பாரம் எவ்வளவு என்றே கவலைப்பட்டிருக்கிறார்கள். பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கவில்லை. இப்படிச் சொல்வது அதிகப்பிரசங்கம்தான். ஆனால் எங்கள் வண்டியின் அச்சு முறியவில்லையே.

மாட்டுக்குப் பதில் டிராக்டர் வந்தபின்னும் இந்தக் கணக்கு மாறவில்லை. இருசக்கர டிரெய்லரின் முன்பாரம் டிராக்டரின் பின்புறக் கொக்கியை அமுக்குகிறது. அது மிகுந்தால் முன்சக்கரங்கள் தரையை விட்டுத் தளரும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

சென்ற ஆண்டு டெக்சாஸிலிருந்து தம்பி காணொளியில் அழைத்தார். மூன்று டன் எடையுள்ள வீட்டு வண்டி ஒன்றைத் தம் பிக்கப்பின் பின்னால் மாட்டியிருந்தார். பிக்கப்பின் வால் தாழ்ந்து, முகப்பு விளக்குகள் வானத்தைப் பார்த்தன. அங்கும் முன்பாரம் வேண்டும். மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு. குறைந்தால் பின்வண்டி பாம்புபோல் நெளியும். அந்தப் பாரம் பின்சக்கரத்திலேயே தங்கிவிடாதபடி பகிர்வதற்கு ஒரு கொக்கி விற்கிறார்கள். அதில் இருபுறமும் இரண்டு வில்கம்பிகள். அவற்றைச் சங்கிலியால் இழுத்து இறுக்கினால் நெம்புகோல்போல் வேலை செய்து, ஒரு பங்கை முன்சக்கரங்களுக்கும் ஒரு பங்கைப் பின்வண்டியின் அச்சுக்கும் தள்ளும். பூட்டுவதற்கு முன்னும் பின்னும், இறுக்கிய பின்னும், முன்சக்கரத்துக்கு மேலுள்ள விளிம்பின் உயரத்தை அளக்கவேண்டும். எழும்பிய உயரம் பழைய அளவுக்கு அருகில் இறங்கினால் சரி. உள்ளே சாமான் தப்பாக ஏற்றியிருந்தால் இந்தக் கம்பி அதைத் திருத்தாது என்றும் தம்பி சொன்னார்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. கைப்பேசியைக் கண்ணருகே வைத்துக்கொண்டு கேட்டார்: "முன்பாரம் எவ்வளவுடா வச்சிருக்க?"

"நானூறு கிலோ இருக்கும்பா."

"இருக்குமா, இருக்குதா?"

தம்பி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தண்ணீர்த் தொட்டி பின்பக்கம் இருப்பதாகவும் அதை நிரப்பியபின் எடைபோடவில்லை என்றும் சொன்னார்.

"எறக்கிட்டு மறுபடி பாரு" என்றார் அப்பா. கைப்பேசியை எங்களிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனார். அன்று பயணம் ஒருநாள் தள்ளிப்போயிற்று.