துரு பிடிச்ச டிஸ்க் நார்மலா?

மாமல்லபுரத்தில் ஒரு ராத்திரி காரை வெளியில் நிறுத்திட்டு, காலையில் வீல் இடுக்கு வழியா எட்டிப் பாருங்க. பிரேக் டிஸ்க் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் துரு இருக்கும். பக்கத்தில் நிற்கிற நம்ம பைக்கோட டிஸ்க் மட்டும் பளபளன்னு இருக்கும். பைக் டிஸ்க் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கார் டிஸ்க் கிரே காஸ்ட் அயர்ன். காஸ்ட் அயர்ன் விலை குறைவு, சூட்டை நல்லா கடத்தும், அதிர்வை அடக்கும். ஆனா சீக்கிரம் துரு பிடிக்கும். பேட் உரசுற இடம் என்பதால் அங்கே பெயின்ட் அடிக்கவும் முடியாது.

எங்க மாமா மாமல்லபுரத்தில் டாக்ஸி ஓட்டுறார். டூரிஸ்ட் சவாரி போக, வாரத்தில் மூணு நாள் ஒரு பெரியவரை டயாலிசிஸுக்குத் திருக்கழுக்குன்றம் வழியா செங்கல்பட்டுக்குக் கூட்டிட்டுப் போவார். நடுவில் மாமாவுக்குக் காலில் அடிபட்டு, கார் மூணு வாரம் வாசலிலேயே நின்னுச்சு. அப்புறம் சர்வீஸுக்கு விட்டப்போ, "முன்னாடி ரெண்டு டிஸ்க்கும் துரு பிடிச்சிருக்கு, மாத்தணும்" என்று சொல்லி 9 ஆயிரம் ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்காங்க.

மாமா போன் பண்ணார். "மாப்ள, நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே. இது நெஜமா, இல்ல சும்மா காசு புடுங்குறாங்களா?"

"காசு புடுங்குறாங்க மாமா"ன்னு சொல்லியிருந்தா அவருக்குச் சந்தோஷமா இருந்திருக்கும். ஆனா என் வார்த்தையை நம்பித்தான் அந்தப் பெரியவரை வண்டியில் ஏத்துவார். அதனால போனில் பதில் சொல்லாம, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

கடலோரத் துரு ஏன் இவ்வளவு வேகம்? காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா, உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிச்சிடும். கடலோரத்தில் ராத்திரி நேரத்தில் இந்த அளவைத் தாண்டுறது சகஜம். மழையே இல்லாம டிஸ்க் மேல ஒரு உப்புத்தண்ணீர் படலம் உட்கார்ந்திடும். துரு பிடிக்கிறது ஒரு மின்வேதி வினை. உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நல்லா கடத்தும், அதனால் வேகம் கூடும். கடற்கரைக் கோயில் கல்லை அரிக்கிறதும் இதே உப்புதான். தொல்லியல் துறை அங்கே காகிதக் கூழைக் கல்மேல் பூசி உப்பை உறிஞ்சி எடுக்கிறாங்க. டிஸ்க்குக்கு அந்த வைத்தியம் தேவையில்லை. மேலோட்டமான துருவைப் பேடே தேய்ச்சு எடுத்துடும்.

அதனால் முதல் சோதனை ரொம்ப எளிது: பிரேக் பிடிச்சா துரு போகுதா? காலி ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவா பத்துத் தடவை பிரேக் பிடிச்சோம். இறங்கிப் பார்த்தா ரெண்டு டிஸ்க்கோட வெளிமுகமும் கண்ணாடி மாதிரி. ஓரத்திலும் நடு ஹப்பிலும் மட்டும் துரு அப்படியே இருந்தது. அங்கே பேட் படாது. அந்தத் துரு இருக்கிறது நார்மல்தான்.

"அப்ப ஒண்ணுமில்லல்ல?" என்றார் மாமா. ஆனா வெளியிலிருந்து பார்த்தா தெரியுறது ஒரு முகம்தான். தெரிஞ்ச மெக்கானிக் அண்ணா கிட்ட போய் வீலைக் கழட்டினோம். வலது டிஸ்க்கோட உள்முகம் சுத்தமா இருந்தது. இடது டிஸ்க்கில் உள்முகத்தைச் சுத்தி ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குத் துருப் பட்டை. நகத்தால் தடவினா பள்ளத்தில் மாட்டுச்சு. பேட் உட்காருற பிராக்கெட்டில் துரு ஏறி, உள்பக்கப் பேட் நகராம சாய்ஞ்சு சிக்கியிருந்தது. பாதிப் பேட்தான் டிஸ்க்கைத் தொட்டிருக்கு.

அடுத்தது தடிமன். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமனைப் பொறிச்சிருப்பாங்க. மாமா காருக்குப் புதுசில் 20 மில்லிமீட்டர், குறைந்தபட்சம் 18. இதை அளக்க மைக்ரோமீட்டர்தான் சரி. வெர்னியர் வச்சா, அதோட தாடை ஓரத்தில் இருக்கிற தேயாத விளிம்பில் உட்கார்ந்து அளவைக் கூட்டிக் காட்டும். வலது 19.2, இடது 19.1. ரெண்டுமே பாஸ்.

இந்த 18 சும்மா போட்ட எண் இல்லை. ஆயிரம் கிலோ கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நின்னா, சுமார் 247 கிலோஜூல் ஆற்றல் சூடா மாறணும். அதில் பெரும்பங்கு முன் டிஸ்க்குகளுக்குத்தான் போகும். டிஸ்க் மெலிஞ்சா அதே சூட்டைத் தாங்க இரும்பு குறைவு, வெப்பநிலை கூடும், விரிசல் வரும் வாய்ப்பும் கூடும்.

"தடிமன் இருக்கே, லேத்துல பிடிச்சுப் பள்ளத்தை எடுத்துடலாமா?" என்று மாமா கேட்டார். பள்ளம் 0.6 மில்லிமீட்டர் ஆழம். ரெண்டு முகத்திலும் அவ்வளவு எடுத்தா மிஞ்சுறது 17.9. ஃபெயில். ஒரே ஆக்ஸிலில் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கணும் என்பதால், வலதையும் சேர்த்து ஜோடியாத்தான் மாத்தணும்.

"அப்ப அவங்க சொன்னது சரிதானா மாப்ள?"

"மாத்தணும்னு சொன்னது சரி மாமா. காரணம்தான் சரியில்ல."

எஸ்டிமேட்டில் பிராக்கெட்டைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லை. டிஸ்க்கை மட்டும் மாத்தியிருந்தா, புது டிஸ்க்கிலும் அதே இடத்தில் அதே பட்டை வந்திருக்கும். மாமாவுக்குச் செலவு மிச்சமாகலை. ஆனா பிராக்கெட்டைத் தேய்ச்சுச் சுத்தம் பண்ணி, புதுப் பேட் போட்டு, அது கையால் தள்ளினாலே நகருதான்னு பார்த்துட்டுத்தான் வீலை மாட்டினோம். திங்கட்கிழமை காலையில் டயாலிசிஸ் சவாரி வழக்கம்போல போச்சு.

உங்க வீட்டுக் காரிலும் டிஸ்க் ஆரஞ்சா இருந்தா பயப்பட வேண்டாம். ஓட்டிப் பார்த்தும் போகலைன்னாலோ, பிரேக் பிடிக்கும்போது பெடல் அதிர்ந்தாலோ, கரகரன்னு சத்தம் வந்தாலோ வீலைக் கழட்டச் சொல்லுங்க. யாராவது "நார்மல்தான்"னு சொன்னாலும் சரி, "மாத்தணும்"னு சொன்னாலும் சரி, ரெண்டே கேள்வி கேளுங்க: உள்முகத்தைப் பார்த்தீங்களா? எத்தனை மில்லிமீட்டர் இருக்கு?