விளக்கு எரிந்தது... ஆனால் போர்டு பொய் சொன்னது!

திண்டிவனம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மல்லாட்டை. செடி விழுது இறங்கும் பருவம். ஈரம் குறைந்தால் காய் பிடிக்காது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அதற்காகவே, விழுப்புரத்தில் பாலிடெக்னிக் படிக்கும் மகள் ஒரு பெட்டி செய்து மோட்டார் கொட்டகையில் மாட்டியிருந்தாள். மண் காய்ந்தால் மோட்டாரை ஓட்டும், நனைந்தால் நிறுத்தும். உள்ளே ‘ஆர்டுயினோ ஊனோ’ போர்டு, அதற்கு 12 வோல்ட் பேட்டரி.

ஒரு புதன்கிழமை, பெட்டியில் தூசி துடைத்தபோது பேட்டரி ஒயரும் சென்சார் ஒயரும் கழன்று வந்துவிட்டன. பேட்டரியைக் கழற்றாமலே அப்பா ஒயரைத் திரும்பச் செருகினார். போக வேண்டிய துளை ‘வின்’. போனது அதற்கு அடுத்த ‘ஏ0’. வின் துளை 12 வோல்ட்டைத் தாங்கும். ஏ0 துளை நேராக சிப்புக்குள் போவது. 5 வோல்ட்டுக்கு மேல் ஆகாது. சின்னதாகப் பொறி பறந்தது. சட்டென்று பிடுங்கி, சரியாக மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று நினைத்து, மகளிடம் சொல்லவில்லை.

அன்று இரவு மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டார் ஓடியது. நிற்கவே இல்லை. விடியலில் போய்ப் பார்த்தால் வரப்பு வரை தண்ணீர். கிணற்றில் ஃபுட்வால்வு தெரிய ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் மோட்டாரும் போயிருக்கும். மோட்டாரை நிறுத்தி, மண்வெட்டி எடுத்து வடிகால் வெட்டினார்.

சனிக்கிழமை வந்த மகள், “என்னப்பா ஆச்சு, உண்மையைச் சொல்லு. திட்ட மாட்டேன்” என்றாள். சொன்னார்.

அவள் முதலில் மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றினாள். பிறகு பேட்டரி. போர்டில் கருகிய வாசனை இருக்கிறதா, சிப் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். மல்டிமீட்டரில் 5 வோல்ட் துளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று தெரிந்த பின்தான் கரண்ட் கொடுத்தாள். சிப்பைத் தொட்டால் சூடில்லை. 5 வோல்ட் சரியாகவே வந்தது.

“பாத்தியா, நல்லாத்தான் இருக்கு” என்றார் அப்பா.

“இருப்பா” என்று, ஏ0 துளையை ஒரு ஒயரால் கிரவுண்டில் சேர்த்தாள். கம்ப்யூட்டரில் 0 காட்ட வேண்டும், 1023 காட்டியது. 5 வோல்ட்டில் சேர்த்தாலும் 1023. அதே சோதனையை ஏ1 துளையில் செய்தாள். 0, 1023 என்று சரியாக வந்தது. சென்சாரை ஏ1-ல் மாட்டி ஈர மண்ணில் குத்தினாள், எண் இறங்கியது. சென்சார் பிழைத்திருந்தது. செத்தது ஏ0 மட்டும். அது எப்போதும் ‘மண் காய்ந்திருக்கிறது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

“அப்போ ஏ1-லயே மாட்டிடலாமே?”

“அடி வாங்கின சிப்புப்பா. இன்னைக்கு ஒண்ணு போச்சு, நாளைக்கு எது போகும்னு தெரியாது. இதை நம்பி மோட்டாரை விட முடியாது.”

அந்தப் போர்டில் ‘ஏடிமெகா 328பி’ சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் வகை. விழுப்புரத்தில் பூட்லோடர் ஏற்றிய புது சிப் வாங்கி வந்து, பழையதை நெம்பி எடுத்து, அதே திசையில் பொருத்தினாள். மோட்டாரை இணைக்காமல் ரிலே ‘டிக்’ என்று அடிப்பதை ஒருநாள் முழுக்கப் பார்த்த பிறகே ஸ்டார்ட்டரில் சேர்த்தாள்.

இப்போது பேட்டரி, துளையில் செருகும் ஒயராக இல்லை. உருண்டை பிளக்காக, அதற்கான சாக்கெட்டில் மட்டும்தான் போகும். சென்சார் ஒயரில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேர்ந்திருக்கிறது. தவறி 12 வோல்ட் வந்தாலும் சிப்புக்குள் பாயும் கரண்ட்டை அது குறைத்துவிடும்.

பெட்டி மூடியில் அப்பா தன் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்: ‘முதலில் பேட்டரியைக் கழற்று. தப்பு நடந்தால் உடனே சொல்.’