பழைய வாளும் புதிய வாழ்வும்

மனிதன் கருவிகளை ஆக்குகின்றான். அக்கருவிகள் அவனுடைய வாழ்வை ஆக்குகின்றன. கல்லைக் கூராக்கிய நாள் தொட்டு இன்றுவரை கருவியின் துணையின்றி அவன் வாழ்ந்ததில்லை. ஆயினும், ஒரு கருவியை வாங்கும் நாளில் அதனிடம் காட்டும் ஆர்வத்தை வாங்கிய பின்னும் காட்டுவோர் மிகச் சிலரே. வேலை முடிந்ததும் மூலையில் எறிகின்றோம். துருப்பிடித்ததும் கருவியைப் பழிக்கின்றோம். அவ்வாறு எறியப்பட்ட ஒரு சங்கிலி வாளை வாங்கிச் செப்பனிட்டு, அதனால் தன் வாழ்வையும் செப்பனிட்டுக் கொண்டான் ஓர் இளைஞன்.

மரம் அறுக்கும் கருவிகளுள் காலத்தால் இளையது சங்கிலி வாள். ஜெர்மனி நாட்டில் ஆந்திரேயாஸ் ஸ்டீல் என்பவர் 1926-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி வாளை உருவாக்கினார். அடுத்த ஆண்டில் எமில் லெர்ப் என்பவர், பெட்ரோலால் இயங்கும் வாள் ஒன்றை அந்நாட்டின் டோல்மார் மலையில் இயக்கிப் பார்த்தார். அக்காலத்து வாள்கள் பெருஞ்சுமையாக இருந்தன; இருவர் இருபுறமும் நின்று தூக்கிப் பிடித்தாலன்றி அவை வேலை செய்யா. ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றின் எடை குறைந்தது. இன்று தனி ஒருவர் ஒரு கையால் தூக்கிச் செல்லும் அளவுக்கு அக்கருவி சுருங்கியிருக்கின்றது.

சோழ வளநாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் இக்கருவி பரவலாகப் புகுந்தது ஒரு பேரழிவின் போது ஆகும். 2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், கஜா என்னும் கடும்புயல் வேதாரணியத்தின் அருகே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை மரங்கள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. பிள்ளையைப் போல் வளர்த்த மரங்கள் வேரோடு வீழ்ந்து கிடந்ததைக் கண்டு உழவர் கண்ணீர் வடித்தனர். வழிகளை அடைத்துக் கிடந்த மரங்களைக் கோடரியால் வெட்டி அகற்றுவதென்றால் மாதங்கள் பல ஆகும். ஆகவே சங்கிலி வாள்கள் வந்து குவிந்தன. பணி முடிந்தபின் அவற்றுள் பல, கொட்டகைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் கேட்பாரற்றுக் கிடந்தன.

பேராவூரணிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த அந்த இளைஞன், மரம் அறுக்கும் குழுவினருடன் கூலிக்குச் சென்று வந்தவன். குழுவில் வாள் வைத்திருப்பவனுக்கு ஒரு கூலி. கிளைகளைச் சுமந்து அகற்றுபவனுக்கு அதில் பாதிக் கூலி. வாளைப் பிடிக்கவும் மரத்தின் சாய்வு அறிந்து அறுக்கவும் அவன் கற்றிருந்தான். ஆனால், சொந்தமாக வாள் இல்லாமையால் அரைக் கூலியே அவனுக்குக் கிடைத்தது. புதிய வாள் வாங்கப் பொருள் இல்லை. அந்நிலையில் இரும்புக் கடையில் கிடந்த பழைய வாள் ஒன்று அவன் கண்ணில் பட்டது. கடைக்காரர் கேட்ட விலையோ புதியதன் விலையில் ஐந்தில் ஒரு பங்குதான்.

மலிவாகக் கிடைக்கின்றது என்பதற்காகவே ஒரு பொருளை வாங்குதல் அறிவுடைமை ஆகாது. மாட்டுச் சந்தைக்குச் செல்பவன் பல்லைப் பிடித்துப் பாராமல் மாட்டை ஓட்டி வருவானா? இளைஞன், ஊரில் பம்ப் செட்டுகளைப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றான். வாளின் மேல் படிந்திருந்த அழுக்கையோ துருவையோ அவர் பொருட்படுத்தவில்லை. பொறியை இயக்கும் கயிற்றின் பிடியைப் பற்றி, வாளை அந்தரத்தில் தொங்கவிட்டார். அது விரைந்து கீழே இறங்கிவிடாமல், நின்று நின்று மெல்ல இறங்கிற்று.

“பார், தம்பி! உள்ளே காற்றழுத்தம் இருக்கின்றது. இதற்கு இன்னும் மூச்சு உண்டு” என்றார் முதியவர்.

“அப்படியானால் வாங்கிவிடலாமா, ஐயா?”

“அவசரப்படாதே. மூச்சு இருந்தால் மட்டும் போதுமா? நெஞ்சையும் பார்க்க வேண்டும்.”

அவர் புகைபோக்கும் சைலன்சரைக் கழற்றினார். அதன் பின்னுள்ள துளை வழியாக விளக்கொளியைச் செலுத்திப் பிஸ்டனை நோக்கினார். எண்ணெய் கலவாத பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருந்தால் பிஸ்டனின் மேனியில் நெடுங்கீறல்கள் விழுந்திருக்கும். அத்தகைய வாளைச் செப்பனிடப் புதியது வாங்கும் அளவுக்குச் செலவாகும். இந்த வாளின் பிஸ்டனோ மழமழப்பாக இருந்தது. அதன்பின்னரே விலை பேசப்பட்டது.

வீட்டுத் திண்ணையில் பழைய சாக்கை விரித்து இளைஞன் வேலையைத் தொடங்கினான். கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்கினான். பறக்கும் மரத்தூள் எண்ணெயுடன் கலந்து, பொறியைக் குளிர்விக்கும் இதழ்களுக்கிடையே களிமண்போல் இறுகியிருந்தது. அவ்விதழ்களின் வழியே காற்றுச் செல்லாவிட்டால் பொறி சூடேறிக் கெடும். தூரிகையாலும் மரக்குச்சியாலும் அதனை அகற்றவே ஒரு பொழுது கழிந்தது. காற்று வடிகட்டியைக் கழுவி உலர்த்தினான். ஸ்பார்க் பிளக்கின் கரியைத் துடைத்து, அதன் முனைகளுக்கிடையே அரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்குமாறு செய்தான்.

வாள் இயங்காமல் போனதற்கு உரிய காரணம் கார்பரேட்டரில் இருந்தது. முன்னர் வைத்திருந்தவர் டேங்கில் இருந்த பெட்ரோலை வடிக்காமலே அதனை மூலையில் போட்டிருந்தார். நாள்பட்ட பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படிந்து, ஊசித்துளை போன்ற நுண்ணிய வழிகளை அடைத்துவிட்டது. இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கின்றது. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து உலோகத்தை அரிக்கும். பழைய இரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும். இளைஞன் துளைகளைக் கம்பியால் குத்த முயன்றான். முதியவர் தடுத்தார். கம்பி பட்டால் துளை அகன்றுவிடும். அகன்றால் எரிபொருளின் அளவு மாறிவிடும். ஆகவே கரைப்பானில் ஊறவைத்துக் காற்றை ஊதியே துளைகளைத் திறந்தனர். காய்ந்து விறைத்த சவ்வையும் வெடித்த குழாயையும் நீக்கிப் புதியன பொருத்தினர்.

இத்தகைய பொறிக்குத் தனியே எண்ணெய் ஊற்றும் இடம் இல்லை. பெட்ரோலோடு கலந்து செல்லும் எண்ணெய்தான் உள்ளுறுப்புகளுக்குக் காப்பு. இந்த வாளுக்கு உரிய அளவு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் ஆகும். அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். அந்தச் சிறு துளியை மிச்சம் பிடிக்க எண்ணுவோன் பொறி முழுவதையும் இழப்பான்.

அடுத்துச் சங்கிலிக்கு வந்தனர். இன்றைய சங்கிலியின் பற்களுக்கு ஒரு புழு ஆசிரியனாக இருந்தது என்றால் வியப்பாக இல்லையா? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழில் புரிந்த ஜோசப் காக்ஸ் என்பவர், 1946-ஆம் ஆண்டில் விறகு பிளந்துகொண்டிருந்தபோது, மரத்தைத் துளைத்துச் செல்லும் வண்டின் புழு ஒன்றைக் கண்டார். அது தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாகக் கடித்து, மரத்தின் நெடுக்கிலும் குறுக்கிலும் எளிதாக வழி செய்துகொண்டு சென்றது. அதனைக் கூர்ந்து நோக்கிய அவர், இடப்புறமும் வலப்புறமும் மாறி மாறி அமைந்த வளைந்த பற்களைக் கொண்ட சங்கிலியை உருவாக்கி, 1947-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டு வந்தார்.

அத்தகைய பற்களே இந்த வாளிலும் இருந்தன; ஆனால், மணலில் பட்டு மழுங்கியிருந்தன. முதியவர் முதலில் மிகவும் தேய்ந்த பல் ஒன்றைத் தேடிக் கண்டார். எல்லாப் பற்களையும் அதன் நீளத்துக்கே கொண்டு வருதல் வேண்டும். பற்கள் சமமாக இல்லாவிட்டால் வாள் நேரே செல்லாது. ஒரு பக்கமாக வளைந்து அறுக்கும். உருண்டையான அரத்தை 30 பாகைச் சாய்வில் வைத்து, உள்ளிருந்து வெளிநோக்கி மட்டும் தள்ளி, ஒவ்வொரு பல்லையும் இளைஞன் தீட்டினான். சங்கிலி ஓடும் இரும்புப் பட்டையின் பள்ளத்தில் அடைந்திருந்த தூளை அகற்றி, எண்ணெய் வரும் துளையைத் திறந்தான். பட்டையின் ஓரத்தில் எழுந்திருந்த பிசிறுகளைத் தட்டையான அரத்தால் நீக்கினான்.

ஆறாம் நாள் மாலையில் வாளைத் தரையில் ஊன்றி, வலக்காலால் அதன் பின்பிடியை மிதித்துக்கொண்டு, இளைஞன் கயிற்றை இழுத்தான். மூன்று முறை இழுத்தும் வாள் மௌனமாக இருந்தது. நான்காம் முறை இருமிற்று. ஐந்தாம் முறை முழங்கிற்று. சோதனைக்கு வைத்த கட்டையினின்றும் பொடியாக அன்றிச் செதில் செதிலாக மரம் உதிர்ந்தது. கூர்மைக்கு அதுவே அடையாளம்.

அவ்வேளையில்தான் உண்மையான சோதனை வந்தது. குடிசை ஒன்றின் மேல் சாய்ந்திருந்த மாமரத்தை மறுநாளே அறுத்துத் தருமாறு ஒருவர் வந்து கேட்டார்; முழுக் கூலியும் தருவதாகச் சொன்னார். தங்கையின் பள்ளிச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்த நேரம் அது. இளைஞன் உடனே இசைந்தான். முதியவரோ வாளின் முன்புறமுள்ள கைக்காப்பைத் தள்ளிப் பார்த்தார். ஓடும் சங்கிலியை நிறுத்த வேண்டிய தடை வேலை செய்யவில்லை. அதன் வில் முறிந்திருந்தது.

“தம்பி, இந்த வாள் ஓடக் கற்றுக்கொண்டது, நிற்கக் கற்றுக்கொள்ளவில்லை. நிற்கத் தெரியாத வாளை எடுத்துச் செல்லாதே.”

“ஒரே ஒரு மரந்தானே, ஐயா? கவனமாக அறுத்துவிட்டு வருகின்றேன்.”

“உன் கவனத்தைவிடச் சங்கிலி விரைவானது, தம்பி.”

அது வெறும் அச்சுறுத்தல் அன்று. முழு வேகத்தில் சங்கிலி நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடுகின்றது. பட்டையின் நுனியில் மேற்பகுதி ஏதேனும் ஒரு கிளையில் பட்டால், வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலெழுந்து பிடித்திருப்பவரை நோக்கிப் பாயும். மனிதன் எண்ணி விலகுவதற்குள் யாவும் முடிந்துவிடும். இளைஞன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், இரண்டு நாள் பொறுக்குமாறு அவரிடம் வேண்டிக்கொண்டு, மரத்தைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவைத்தான். தஞ்சாவூருக்குச் சென்று புதிய வில் வாங்கி வந்து பொருத்தினான்.

மூன்றாம் நாள், தலைக்கவசமும் கண்ணாடியும் கனத்த காலணியும் அணிந்து, அவன் அம்மரத்தை அறுத்தான். பாதி வேலையில் பட்டையின் நுனி, இலைகளுக்குள் மறைந்திருந்த கிளையொன்றில் பட்டது. வாள் துள்ளி எழுந்தது. அவனுடைய இடக்கை கைக்காப்பில் மோதிற்று. அக்கணமே சங்கிலி நின்றது. முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் அசைவற்று நின்ற அப்பற்களை அவன் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர் வாளை அணைத்துத் தரையில் வைத்து, நீர் அருந்தி, மீண்டும் வேலையைத் தொடங்கினான். மாலைக்குள் குடிசைக்கு ஓர் ஓலைச் சேதமும் இன்றி மரம் இறக்கப்பட்டது. அன்று அவன் பெற்றது முழுக் கூலி.

அன்று முதல் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அவன் வாளைத் துடைக்கின்றான்; பற்களைத் தீட்டுகின்றான்; பட்டையை மேல் கீழாகத் திருப்பி மாட்டுகின்றான். நெடுநாள் வேலை இராது என்று தெரிந்தால், எரிபொருளை வடித்துவிட்டே உள்ளே வைக்கின்றான். இவை யாவும் கால்மணி நேரத்துப் பணிகளே. அந்தக் கால்மணி நேரத்தை முன்னர் ஒருவர் செலவிட மறுத்ததால்தான் நல்ல வாள் ஒன்று இரும்புக் கடைக்குச் சென்றது.

மாணவர்களே! உங்கள் வீட்டிலும் மூலையில் கிடக்கும் மிதிவண்டியோ, மண்வெட்டியோ, தையற்பொறியோ இருக்கக்கூடும். பழுது என்று அதனை எறியுமுன், அதன் உள்ளே இன்னும் மூச்சு உண்டா என்று அறிந்தவரைக்கொண்டு ஆராய்ந்து பாருங்கள். செப்பனிடத் தொடங்கினால் அரைகுறையாக நிறுத்தாதீர்கள். ஒரு கருவி ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்தது என்று எண்ணுவது இயல்பு. அது வேண்டும்போது ஓடவும் வேண்டியபோது நிற்கவும் வல்லதாகும் வரை, செப்பனிடும் பணி முடிவதில்லை.