பணிப்பயணத்தில் கிடைத்த ஒரு நாள்

கடலோரத் தமிழ் முஸ்லிம் ஊர்களில் ‘சபர்’ என்னும் சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. அரபு மொழியில் அது பயணத்தைக் குறிக்கும் பொதுச் சொல்லே. நம் ஊர்களிலோ அது கடல் கடந்து பொருளீட்டச் செல்வதைக் குறித்தது. அவ்வாறு சென்றவர் ‘சபுராளி’ எனப்பட்டார். அவர் எப்போது திரும்புவார் என்று வீட்டார் கேட்டார்கள். என்ன அனுப்பினார் என்று ஊரார் கேட்டார்கள். அங்கே எதைக் கண்டு மகிழ்ந்தார் என்று எவரும் கேட்டதில்லை. சபர் என்றால் உழைப்பு, பிரிவு, பொறுமை. இன்பத்திற்கு அதன் கணக்கேட்டில் இடமில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. நம்மில் பலர் அலுவல் நிமித்தமாக நான்கைந்து நாட்கள் வெளிநாடு சென்று திரும்புகிறோம். பயணச்சீட்டும் தங்குமிடமும் நிறுவனத்தின் பொறுப்பு. மாலையில் வேலை முடிந்தால் எதிரே கடற்கரை, கடைவீதி, விளக்கொளி. அந்த நேரம் யாருக்கு உரியது? அதை எந்த அளவுக்கு அனுபவிக்கலாம்? சென்ற ஆண்டு பினாங்கிற்குச் சென்றிருந்தபோது இந்தக் கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வியாக இல்லாமல் நேரடியாகவே வந்து நின்றது.

மார்க்கம் இதில் இரு திசைகளையும் நமக்குக் காட்டியிருக்கிறது. பூமியில் பயணம் செய்து, அல்லாஹ் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்று பார்க்குமாறு அல்குர்ஆன் (29:20) ஏவுகிறது. குறைஷிகளின் குளிர்கால, கோடைக்கால வணிகப் பயணங்களைக் குறிப்பிட்டு, அதற்காக இந்த ஆலயத்தின் இறைவனை வணங்குமாறு ஓர் அத்தியாயமே கூறுகிறது. மறுபுறம், பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், வந்த காரியம் முடிந்ததும் விரைந்து குடும்பத்தாரிடம் திரும்பிவிட வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது புகாரீ, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. பார்க்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில்தான் பயணியின் ஒழுக்கம் இருக்கிறது.

பினாங்குத் தீவின் தென்கிழக்கில் உள்ள பாயான் லெப்பாஸ் 1970-களில் தடையற்ற வணிக வலயமாக வளர்ந்தது. இன்று மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. எங்கள் நிறுவனம் வாங்கவிருந்த இயந்திரம் ஒன்றை, கப்பலில் ஏற்றுமுன் சோதித்துப் பார்த்து ஒப்பமிடுவது என் பணி. ஞாயிறன்று போய்ச் சேர்ந்து வெள்ளி இரவு புறப்படுவதாகத் திட்டம்.

முதலில் தொழுகையின் கணக்கைச் சரிபார்த்துக் கொண்டேன். ஷாஃபிஈ மத்ஹபின்படி, சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் ஓரிடத்தில் தங்குவதாக முன்பே எண்ணியிருந்தால், அங்குச் சென்று சேர்ந்ததும் பயணி என்ற சலுகை முடிந்துவிடுகிறது. திங்கள் முதல் வியாழன் வரை எனக்குச் சரியாக நான்கு நாட்கள். எனவே கஸ்ர் இல்லை, முழுமையாகவே தொழுதேன். ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர்களுக்குப் பதினைந்து நாட்கள் என்னும் அளவு உண்டு; அவர்கள் சுருக்கித் தொழுவர். புறப்படுமுன் இதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நல்லது. பினாங்கின் கடிகாரம் நம்மவருக்கு இன்னொரு வியப்பையும் வைத்திருக்கிறது. மலேசியா முழுவதும் ஒரே நேரம் கடைப்பிடிக்கப்படுவதால், மேற்கே இருக்கும் இத்தீவில் சுபுஹு பாங்கு ஆறு மணியை ஒட்டியும் மஃரிப் ஏழரை மணியை ஒட்டியும் ஒலிக்கிறது. பணி முடிந்த பின்னரும் ஒரு நீண்ட மாலை கையில் மிஞ்சுகிறது.

செவ்வாய் மாலை, இயந்திரத்தை விற்கும் தரப்பின் மேலாளர் ஒருவர் மிகுந்த பண்போடு பேசினார். சோதனைகள் விரைவில் முடிந்துவிடும்; பிறகு இரண்டு நாட்கள் லங்காவித் தீவுகளுக்குச் சென்று வாருங்கள்; விடுதி, படகு, எல்லாம் எங்கள் விருந்தோம்பல்; வீட்டாருக்கும் ஓர் அன்பளிப்பு உண்டு என்றார். அவருடைய சொற்களில் இலஞ்சத்தின் சாயல் சிறிதும் இல்லை. அத்தொழிலில் பலரும் இயல்பாகச் செய்யும் உபசாரம் அது. கரும்பச்சைத் தீவுகளும் தெளிந்த கடலும் கொண்ட அவ்விடத்தைக் காணும் ஆசை எனக்கும் இல்லாமல் இல்லை.

ஆனால் அந்த வாரம் என் ஒப்பத்திற்கு ஒரு விலை இருந்தது. ஸகாத் திரட்ட அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் பெற்றோரின் வீட்டில் அமர்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்னும் கருத்தில் கேட்ட வரலாற்றை நாம் அறிவோம். அதே கேள்வியை என்னிடம் கேட்டுக்கொண்டேன். நான் சென்னையில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தால் லங்காவிப் படகு என்னைத் தேடி வந்திருக்காது. ஆகவே அந்த அழைப்பு எனக்கு வந்ததன்று. என் பேனாவுக்கு வந்தது. நன்றி கூறி மறுத்தேன். அவர் வருந்தவில்லை. எல்லாத் தொழிலாளரும் உண்ணும் தொழிற்சாலை உணவுக்கூடத்தில் அவர்களோடு அமர்ந்து மதிய உணவு உண்டேன். அதை மறுப்பது பேதைமை. அழைப்பு வந்த செய்தியை அன்றிரவே என் மேலதிகாரிக்கு எழுதிவிட்டேன்.

மறுநாள், நான்காவது சோதனையில் அளவீடு ஒன்று வரம்புக்கு வெளியே சென்றது. மூன்று முறை திரும்ப நடத்தியும் அதே விடை. ஓர் உறுப்பை மாற்றியாக வேண்டும். அதற்கு ஒரு நாள் ஆகும் என்றார்கள். முந்தைய மாலையில் அழைப்பை ஏற்றிருந்தால், அந்த அளவீட்டைப் பார்த்து என் நாக்கு எவ்வளவு எளிதாக ‘இல்லை’ என்று சொல்லியிருக்கும்? மனிதன் பலவீனமானவனாகப் படைக்கப்பட்டிருக்கிறான். தன் உறுதியைப் பெரிதாக எண்ணி அதைச் சோதனைக்கு உட்படுத்துவதைவிட, சோதனை வரும் வாசலை அடைத்துவிடுவது அறிவுடைமை.

இவ்வாறு வியாழக்கிழமை எனக்குக் கிடைத்தது. அதையும் கேட்டே பெற்றேன். உறுப்பு மாற்றும் வரை தொழிற்சாலையில் எனக்கு வேலையில்லை. ஊரைச் சுற்றிப் பார்க்கலாமா என்று மேலதிகாரிக்கு எழுதினேன். ‘மகிழ்ச்சியாகச் சென்று வாருங்கள்’ என்று பதில் வந்தது. நிறுவனம் தந்த பயணப்படி உணவுக்கும் போக்குவரத்துக்கும் உரியது. எனவே அன்றைய சுற்றுலாச் செலவுக்கு என் சொந்தப் பணத்தைத் தனி உறையில் எடுத்துக்கொண்டேன். அந்த நாளைப் போல மனம் இலேசாக ஓர் ஊரைச் சுற்றிய நாள் எனக்கு நினைவில் இல்லை.

ஜார்ஜ் டவுன் 2008-இல் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபிடமாக அறிவிக்கப்பட்ட நகரம். அதன் நடுவே 1801-இல் நிறுவப்பட்ட கபித்தான் கெலிங் பள்ளிவாசல் நிற்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்து, இங்கிருந்த தென்னிந்திய முஸ்லிம்களுக்குத் தலைவராக விளங்கிய வணிகர் காதிர் முகைதீனின் பெயரோடு இணைந்த பள்ளி அது. அதே தெருவிலும் அருகிலும் 1818-இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயமும், சீனரின் குவான் யின் கோயிலும், மாரியம்மன் கோயிலும் நடைதொலைவில் இருக்கின்றன. பள்ளியைச் சுற்றிய நிலங்களும் கடைகளும் வக்ஃபாக விடப்பட்டவை. அத்தகைய சொத்துகளின் நிர்வாகத்தில் சீர்கேடு மிகுந்ததால் 1905-இல் ஆங்கில அரசு தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. கொடுத்தவரின் நோக்கம் உயர்ந்தது. காக்க வேண்டிய கைகளில் சில தளர்ந்தன. அமானிதம் என்பது எக்காலத்திலும் கடினமான சுமைதான்.

சற்றுத் தள்ளி, 1808-இல் துங்கு சையத் ஹுசைன் எழுப்பிய அச்சே தெருப் பள்ளி. வட மலாயாவிலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள் கப்பலுக்காக இப்பள்ளியைச் சுற்றியே காத்திருந்தனர். ‘இரண்டாம் ஜித்தா’ என்றே இப்பகுதி அழைக்கப்பட்டது. அதன் எண்கோண மினாராவின் நிழலில் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். வானூர்தியில் சில மணி நேரத்தில் ஜித்தா சேரும் நமக்கு, வாரக்கணக்கில் கடலில் சென்ற அந்த மக்களின் ‘லப்பைக்’ எவ்வளவு கனமாக இருந்திருக்கும்!

நண்பகலில் நாசி கண்டார். ‘கண்டார்’ என்பது தோளில் சுமக்கும் காவடித் தடி. தமிழ் முஸ்லிம்கள் தடியின் இரு முனைகளிலும் சோற்றையும் கறியையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளருக்கு விற்ற உணவு அது. இன்று பல குழம்புகளைக் கலந்து ஊற்றித் தருகிறார்கள். பினாங்கில் தெருவுணவுக்குக் குறைவில்லை. ஆயினும் அவற்றில் பல நமக்கு ஆகாதவை. ஹலால் முத்திரையைப் பார்த்து உண்பவருக்கு அங்கே பசியும் இல்லை, ஐயமும் இல்லை.

பிற்பகலில் மலை ரயிலில் பினாங்கு மலைக்குச் சென்றேன். இதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் வாப்பாவின் வாப்பா 1950-களில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறி இங்கு வந்தவர். சூலியா தெருக் கடையொன்றில் கணக்கு எழுதினார். பதினோராண்டு சபரில் இருமுறையே ஊர் வந்தார். மலை ரயில் 1920-களிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. அந்த மலையை அவர் நாள்தோறும் பார்த்திருப்பார். ஒருமுறையும் ஏறியதில்லை. ‘ஏறினால் ஒரு நாள் சம்பளம் போய்விடும்’ என்று சொல்வாராம்.

மேலே குளிர்ந்த காற்று. கீழே நகரம், நீர்ச்சந்தி, 1985-இல் திறக்கப்பட்ட பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளப் பாலம். மலையுச்சியில் ஒரு சிறு பள்ளிவாசலும் இருக்கிறது. அங்கு அஸர் தொழுதுவிட்டு அவருக்காக துஆச் செய்தேன். அவர் ஏறாமல் சேமித்த கூலியில்தான் என் வாப்பா படித்தார். அந்தப் படிப்பில்தான் நான் படித்தேன். மலையின் காட்சி எனக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை. அதன் விலையை வேறொருவர் எப்போதோ செலுத்திவிட்டார். இப்படி எண்ணியபோது இன்பம் குறையவில்லை, நன்றியாக மாறியது.

அங்கிருந்து வீட்டிற்குக் காணொளியில் அழைத்தேன். பிள்ளைகள் பாலத்தைக் காட்டச் சொன்னார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் என் உம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்த என் மனைவி, ‘நல்லாப் பாத்துட்டு வாங்க’ என்றாள். அவளுடைய குரலில் குறை இல்லை; களைப்பு இருந்தது. வார இறுதியைச் சேர்த்து மேலும் இரு நாட்கள் சொந்தச் செலவில் தங்குமாறு உடன் வந்த நண்பர் வற்புறுத்தினார். தங்குவது ஹராம் என்று நான் சொல்லமாட்டேன். அவரவர் வீட்டு நிலைமை அவரவருக்குத் தெரியும். இறைவனுக்கும், உடலுக்கும், குடும்பத்துக்கும் உன் மீது உரிமைகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபூதர்தா (ரலி) அவர்களுக்கு உரைத்த அறிவுரையை நபியவர்கள் மெய்ப்பித்தார்கள். வியாழக்கிழமை என் உடலுக்கு உரியது கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகான நாட்கள் என் வீட்டிற்கு உரியவை.

வெள்ளி காலை மறுசோதனையில் இயந்திரம் தேறியது, ஒப்பமிட்டேன். கபித்தான் கெலிங் பள்ளியில் ஜும்ஆ. பிறகு கடைத்தெருவில் உம்மாவின் மூட்டுக்கு ஜாதிக்காய்த் தைலமும் பிள்ளைகளுக்கு ஜாதிக்காய் ஊறலும் வாங்கினேன். இரவு விமானம் ஏறினேன்.

பணிப்பயணம் செல்லும் சகோதரர்களுக்கும் சகோதரிகளுக்கும் என் வேண்டுகோள் இதுவே. அழகான ஊரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவர வேண்டியதில்லை. மகிழ்வது பாவமன்று. ஆனால் வேலை கொடுத்தவரின் நேரத்தை அவரிடம் கேட்டே எடுங்கள். உங்கள் ஒப்பத்தை எதிர்பார்ப்பவரின் விருந்தில் மகிழாதீர்கள். வீட்டில் உங்கள் சுமையையும் சேர்த்துச் சுமப்பவரை மறவாதீர்கள். இம்மூன்றையும் பேணியவருக்குக் கடற்காற்றும் ஒரு நிஃமத்; அதற்கும் மறுமையில் கேள்வி உண்டு என்பதை அறிந்தே அதை அனுபவிப்பார்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை நன்மையானவையாக ஆக்கி, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணும் வலிமையைத் தந்து, கடல் கடந்து உழைத்துக் கரைசேர்ந்த நம் முன்னோரின் கப்றுகளை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.